கேட்டவுடன் திருப்பித் தர வேண்டியது

மலாக்காவில் காஜா பெராங் பக்கத்தில் கமலவேணியைப் பிடித்தவர்கள் என்று யாரும் பெரிதாக இருந்ததில்லை. அதற்காக அவள் வருந்தியதும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியோ கோயில் வரிசையோ, எதிரில் இருப்பவரை ஒரு தடவை மேலும் கீழுமாகப் பார்ப்பாள். அதுவே போதும். பேசிக்கொண்டிருந்தவர், தாம் பேசியதில் என்ன தப்பு என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். படித்த திமிர் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். கான்வென்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் மலாக்கா டவுனில் ஒரு லாயர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஊராருடைய அடமானம், பாகப்பிரிவினை, திவால் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயின. ஊர் கும்பிட்டு வழிவிட்ட பெரிய மனிதர்கள் பலருடைய உண்மை நிலவரம் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு யார் மேலும் மரியாதை வருவது கஷ்டம்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் கருணாகரன். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். வெள்ளை டிரில் கால்சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு இருக்கும். சிங்கப்பூர் கம்பெனி ஒன்றின் குளிர்பானத்தைக் கடை கடையாகப் போய் விற்றுக்கொண்டிருந்தவன், கல்யாணமானதும் சொந்தத் தொழில் என்று இறங்கினான். கமலவேணியின் அப்பா ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஒரே மகள் பேருக்குக் கல்வீட்டை எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அந்த வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை போட்டு சோடா ஃபேக்டரி வந்தது. 'கருணாகரன் அண்ட் கம்பெனி' என்று முன்னால் பலகை தொங்கியது. அந்தக் கம்பெனி யார் என்று கேட்டால், கணக்கு எழுதி, சீனிப்பாகு காய்ச்சும் அளவு பார்த்து, காலிப் போத்தல் திரும்பி வந்ததா என்று ஆள் விட்டுக் கேட்ட கமலவேணிதான். பலகையில் அவள் பேர் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

தொழில் நன்றாகவே நடந்தது. காலால் மிதித்து ஒவ்வொரு போத்தலாக நிரப்பும் பழைய யந்திரம் ஒன்று. அதை மிதிக்கவும் லாரி ஓட்டவும் பிச்சை என்று ஓர் ஆள். போத்தல் கழுவ அன்னம்மாவும் அவளுடைய இரண்டு நாத்தனார்களும். ஆரஞ்சு, சர்சி, ஐஸ்கிரீம் சோடா. கோப்பிக் கடைகளும், மலாய்க் கல்யாண வீடுகளும், மே மாதத் திருவிழாவுக்குப் பக்கத்துக் கம்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சிட்டிக் குடும்பங்களும் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். வருகிற காசு சீனிக்கும் கூலிக்கும் போக, மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம் போதாது என்று கருணாகரனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவன் ஜெயபாலன், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அடுத்தவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு அடுத்தவர் தொழிலைப் பெருக்குவதில் கெட்டிக்காரன். கமலவேணி அவனை மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம், தேர்தல் முடிந்த சில வாரத்தில், இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நின்றார்கள். கருணாகரன் முகம் பூரித்திருந்தது.

"கமலா, பதினஞ்சாயிரம் வெள்ளி. பேங்குல கொடுத்துட்டாங்க."

"எங்க, கையில இருக்கா?"

"கையில எதுக்கு? கணக்குல இருக்கு. வேணுங்கறப்ப செக் எழுதினா முடிஞ்சது."

"கணக்குல ஒண்ணும் இல்ல. கணக்குல இல்லாததையும் இம்புட்டு வரைக்கும் எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அம்புட்டுதான்."

"அதான் அக்கா, அதுக்குப் பேருதான் ஓவர்டிராஃப்ட், ஓ.டி." என்றான் ஜெயபாலன், தட்டில் கை வைத்தபடி. "சீன மொதலாளிங்க, தவுக்கேங்க எல்லாம் இதுலதான் தொழில் பண்றாங்க. எடுத்த காசுக்குத்தான் வட்டி. எடுக்காத காசுக்கு ஒரு காசு வட்டி கிடையாது. இன்னைக்கு ஆயிரம் எடுத்து நாளைக்குக் கட்டிட்டா ஒரு நாள் வட்டிதான்."

அது சரிதான். அவன் வாயிலிருந்து சரியான சங்கதி ஒன்று வந்ததே என்று கமலவேணிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எடுத்ததை எப்ப கட்டணுமாம்?" என்று கேட்டாள்.

ஜெயபாலன் கருணாகரனைப் பார்த்தான். கருணாகரன் மீன் குழம்பைப் பார்த்தான்.

"அதெல்லாம் நிதானமா கட்டலாம் அக்கா. அஞ்சு வருஷம், பத்து வருஷம். நம்ம மேல பேங்குக்கு நம்பிக்கை வந்துடுச்சு இல்ல, அப்புறம் என்ன?"

"நம்பிக்கையா," என்றாள் கமலவேணி. நம்பிக்கைக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தைக் கேட்டிருந்தார்கள். வீடு அவள் பேரில் இருந்ததால் அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. அதற்குத்தான் இந்த மத்தியான விஜயம்.

ஆற்றுப் பக்கம் இருந்த அந்த வங்கியின் மேனேஜர் ஒரு வயதான வெள்ளைக்காரர். ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர். கருணாகரனிடம் கிரிக்கெட் பற்றிப் பேசினார். கமலவேணிக்கு நாற்காலி காட்டிவிட்டு அதன் பிறகு அவள் பக்கம் திரும்பவில்லை. காகிதங்களைக் கிராணி என்கிற குமாஸ்தா அவள் முன்னால் வைத்து, எங்கே கையெழுத்து என்று பென்சிலால் சிறிய சிலுவை போட்டுக் காட்டினான். அவள் சிலுவையை விட்டுவிட்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"மேடம் படிக்கிறார்," என்றார் மேனேஜர் ஆங்கிலத்தில், வேடிக்கையாக.

"லாயர் ஆபீசில் டைப் அடித்தவள். கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பாள். சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடமாட்டாள்," என்றான் கருணாகரனும் ஆங்கிலத்தில். இருவரும் சிரித்தார்கள்.

மூன்றாவது பக்கத்தில் இருந்தது அது. வங்கி கேட்டவுடன் முழுத் தொகையும் திருப்பிச் செலுத்தப்பட வேண்டும். எடுக்கும் வசதியை வங்கி தன் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். காரணம் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இத்தனை மாதம், இத்தனை வருஷம் என்ற பேச்சும் இல்லை.

"முன்னறிவிப்பு எவ்வளவு நாள்?" என்று கேட்டாள்.

மேனேஜர் அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தார். "நடைமுறையில், திருமதி கருணாகரன், கணக்கு ஆரோக்கியமாக ஓடும் வரையில் நாங்கள் அப்படிச் செய்வதே இல்லை."

நடைமுறையில். இந்த வார்த்தையின் விலை அவளுக்குத் தெரியும். லாயர் ஆபீசில் அழுதுகொண்டு வந்த பலரிடம் யாரோ எப்போதோ 'நடைமுறையில்' என்று சொல்லியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தாள். ஒருவருக்கு, தான் விற்பது என்ன என்று விளக்கிச் சொல்ல சோம்பேறித்தனம். இன்னொருவருக்கு, தான் வாங்குவது என்ன என்று கேட்க வெட்கம். இந்த இரண்டு பேருக்கும் முன்னால், நான் சொல்வதைக் கேளுங்கள் என்று கெஞ்சுவதா என்று தோன்றியது அவளுக்கு. கணக்கு நம் கையில்தானே இருக்கிறது, இவர்களை வைத்துக்கொண்டே இதை ஒழுங்காக ஓட்டிவிடலாம் என்றும் தோன்றியது. கையெழுத்துப் போட்டாள். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

முதல் நான்கு மாதம் அவள் நினைத்தபடிதான் ஓடியது. சீனி வாங்க எடுப்பாள். போத்தல் விற்ற காசு வந்ததும் கட்டிவிடுவாள். கடன் ஏறும், இறங்கும், சில வாரம் கடனே இல்லாமல் கணக்கில் மிச்சம்கூட நிற்கும். ஓவர்டிராஃப்ட் என்பது அதற்குத்தான். அலை மாதிரி வந்து போக வேண்டிய காசு. வட்டி என்று போனது சொற்பம்.

பிறகு கருணாகரன் சிங்கப்பூர் போய் வந்தான். வந்தவனுக்குப் பின்னாலேயே ஒரு லாரியில் யந்திரம் வந்தது. மின்சாரத்தில் ஓடுவது, ஒரே நேரத்தில் எட்டுப் போத்தல் நிரப்புவது. பதினோராயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு ஒரே செக்.

பிச்சையும் இன்னும் நான்கு ஆட்களும் அதை மரக்கட்டைகள் மேல் உருட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோவதை அவள் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காசு சீனிக்கும் கூலிக்கும் உள்ளது," என்றாள், கருணாகரன் உள்ளே வந்ததும். "யந்திரம் வாங்க உள்ளது இல்ல. யந்திரம் போட்ட காசைத் திருப்பிக் குடுக்க எட்டு வருஷம் ஆகும். பேங்க் நாளைக்கே கேக்கலாம்."

"ஏன் கேக்கப் போறான்? வட்டி போகுதுல்ல?"

"கேக்கலாம்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கும்லா. அவன் எழுதுறதை எழுதுவான். நீ இன்னும் அந்த லாயர் ஆபீசுலயே உக்காந்திருக்க."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. அந்த விஷயத்தைப் பற்றி அதன் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

அடுத்த ஒன்றரை வருஷம் கருணாகரனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஊரில் ஓ.டி. வைத்திருப்பவன் என்றால் ஒரு பட்டம் வாங்கியவன் மாதிரி. கடன்காரன் என்று சொன்னால் அடிக்க வருவான், ஓ.டி. பார்ட்டி என்று சொன்னால் காப்பி வாங்கிக் கொடுப்பான். "எனக்கு பேங்குல பதினஞ்சாயிரம் இருக்கு," என்று சலூன் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லுவான். தான் கொடுக்க வேண்டிய காசைத் தனக்கு இருக்கிற காசாகச் சொல்லிக்கொள்ளும் மனிதனோடு ஒரே கூரைக்குக் கீழே படுப்பது எப்படி இருக்கும் என்று கமலவேணியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கடனுக்கு எல்லை என்று வங்கி வைத்த கோட்டை, கையிருப்பு என்று நினைத்துக்கொண்டவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை; அவனைக் கண்டதும் எழுந்து நின்ற பாதி ஊரும் அப்படித்தான் நினைத்தது. ஊர்ச் சங்கத்தில் அவனைப் பொருளாளராகப் போட்டார்கள். ஐம்பத்தாறாம் வருஷம் சுதந்திரத் தேதியைக் கேட்க பண்டா ஹிலிர் படாங் மைதானத்தில் ஜனம் திரண்டபோது லாரி நிறைய ஆரஞ்சு கொண்டுபோனான். நன்றாக விற்றது. விற்ற காசில் பழைய ஆஸ்டின் கார் ஒன்று வந்தது.

கணக்கோ அந்த எல்லைக் கோட்டை ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. அவள் நூறு கட்டினால் அவன் தொண்ணூற்றைந்து எடுத்தான். கடன் இறங்குவது நின்றுபோனது. வட்டி மட்டும் மாதாமாதம் போனது. வங்கிக்காரனுக்குப் பிடிக்காத கணக்கு அதுதான் என்று அவளுக்குத் தெரியும். வந்து போகாத கடன் அவன் கண்ணுக்கு நோயாளி மாதிரி. ஒருநாள் பார்ப்பான். பார்க்கிற அன்றைக்கு இந்த மனிதன் முகம் எப்படி இருக்கும் என்று சில சமயம், பாகு காய்ச்சுகிறபோது, அவள் நினைத்துக்கொள்வாள். நினைப்பதில் ஒரு சுகம் இருந்தது.

ஐம்பத்தேழு ஜூலையில் பழைய மேனேஜர் கப்பல் ஏறினார். வந்தவர் இளம் வயது. கிரிக்கெட் பேசாதவர்.

அதே மாதம் கருணாகரனுக்குச் சுதந்திர நாளுக்கான மெர்டேக்கா ஆர்டர் கிடைத்தது. கொண்டாட்டக் குழு ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆயிரக்கணக்கில் போத்தல் கேட்டது. முன்பணமாக இரண்டாயிரம் வெள்ளியும் கொடுத்தது. அதை வெள்ளிக்கிழமை காலையில் வங்கியில் கட்டினான். அன்று மத்தியானமே மொத்தச் சீனி வியாபாரி கலியாணசுந்தரத்துக்கு ஆயிரத்து எண்ணூறுக்கு செக் எழுதினான். இரண்டாயிரம் உள்ளே போயிருந்ததால் கோட்டுக்குக் கீழே அந்த அளவு இடம் இருந்தது. அதில் தப்பு எதுவும் இல்லை. கருணாகரன் சரியாகச் செய்த அபூர்வமான காரியங்களில் அது ஒன்று.

சனிக்கிழமை பகலில் கலியாணசுந்தரம் வீட்டு வாசலில் வந்து நின்றார். நெற்றி நிறைய விபூதி, கையில் அதே செக். அதன் ஓரத்தில் சின்னத் துண்டுக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது: எழுதியவரிடமே கேட்டுக்கொள்ளவும்.

"கேக்கலாம்னு வந்தேன் தம்பி," என்றார் கருணாகரனிடம். சத்தம் தெருவுக்குப் போகிற மாதிரிதான் பேசினார். "பதினஞ்சாயிரம் பதினஞ்சாயிரம்னு சொல்லுவீங்க. ஆயிரத்து எண்ணூறுக்கே திரும்பி வருதே."

"ஏதோ தப்பா நடந்திருக்கு மொதலாளி. திங்கக்கிழமை நான் போயி..."

"சீனியைத் திங்கக்கிழமையே திருப்பி எடுத்துக்கிறேன். நீங்க பேங்குக்கு நிதானமா போயிட்டு வாங்க."

போகிற வழியில் இரண்டு கோப்பிக் கடையில் ஏறி இறங்கிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார். அன்று சாயந்தரமே போத்தல் மூடி கொடுப்பவர் பாக்கி கேட்டு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஜெயபாலனுக்கு மூவாரில் அவசர வேலை வந்துவிட்டது. அவனுக்கு மூவாரில் யாரும் இல்லை என்பது கமலவேணிக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் கடிதம் வந்தது. வசதி நிறுத்தப்படுகிறது; ஏழு நாளைக்குள் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். கருணாகரன் அதை மூன்று தடவை படித்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கால்சட்டை மடிப்பு கசங்குவதைக்கூடக் கவனிக்கவில்லை. இந்த முகத்தைத்தான் அவள் ஒன்றரை வருஷமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபோது எதிர்பார்த்த சுகம் வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

"வெள்ளைக்காரன் போறப்ப எல்லாத்தையும் சுருட்டிட்டுப் போறான்," என்றான்.

"அவன் எழுதிக் குடுத்ததைத்தான் செஞ்சிருக்கான். ஒண்ணைத் தவிர," என்று சொல்லிவிட்டு அவள் சேலை மாற்றப் போனாள்.

வங்கியில் புது மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"வசதியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை," என்றாள். "நிறுத்தியதாக எங்களுக்குச் சொன்னது திங்கட்கிழமை. செக் எழுதியது வெள்ளிக்கிழமை. எல்லைக்குள் எழுதியது. அதை நீங்கள் சனிக்கிழமை திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்."

"கணக்கின் நிலை திருப்தியாக இல்லை."

"அப்படியானால் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டீர்கள். கதவை இன்றைக்குச் சாத்துங்கள். சாத்துவதற்கு முன்னால் உள்ளே வந்தவனை வரவில்லை என்று சொல்ல முடியாது. என் கணவர் வியாபாரி. வியாபாரியின் செக்கைத் தவறாகத் திருப்பினால், நஷ்டம் எவ்வளவு என்று அவர் காட்டக்கூட வேண்டியதில்லை, கோர்ட் கொடுக்கும். நான் வேலை பார்த்த லாயரிடம் இப்படி ஒரு வழக்கு வந்திருக்கிறது. ஜெயித்தது. டைப் அடித்தது நான்தான்."

மேனேஜர் மணி அடித்துக் கணக்குக் கோப்பை வரவழைத்தார். தேதிகளைப் பார்த்தார். தப்பு தங்கள் பக்கம்தான் என்று தலையாட்டினார். வாதாடாமல் ஒத்துக்கொண்டார் என்பதை அவள் கவனித்தாள். முந்தைய ஆளைவிட இவன் பரவாயில்லை என்று நினைத்தாள்.

"அந்த செக்குக்கு இன்றே பணம் கொடுக்கிறோம். வியாபாரிக்கு வங்கியின் தவறு என்று எழுதியும் அனுப்புகிறோம்," என்றார். "மற்றது அப்படியேதான். ஏழு நாள் என்பதை செப்டம்பர் கடைசி வரை நீட்டிக்கிறேன். அதற்கு மேல் இல்லை. உங்கள் கணக்கு ஒன்றரை வருஷமாக அசையவே இல்லை. ஓவர்டிராஃப்ட்டில் யந்திரம் வாங்கியிருக்கிறார்கள். இது கேட்டவுடன் திருப்ப வேண்டிய பணம் என்று உங்கள் கணவருக்குத் தெரியாதா?"

"தெரியாது. அவர் படிக்கவில்லை."

"நீங்கள்?"

"படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"யந்திரம் வாங்கியபோதும் தெரியும்?"

"தெரியும்."

மேனேஜர் பேனாவை மூடினார். "இவ்வளவு நேரம் முட்டாள்தனம் என்று நினைத்திருந்தேன். முட்டாள்தனத்தை நான் தினமும் பார்க்கிறேன், அதைப் புரிந்துகொள்ள முடிகிறது," என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. கோப்பைக் கிராணியிடம் திருப்பிக் கொடுத்தார். அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. சுத்தமில்லாத பாத்திரத்தைத் தள்ளி வைக்கிற மாதிரி இருந்தது. அவளை அப்படி யாரும் பார்த்தது கிடையாது.

பாலத்தைத் தாண்டி, வெயிலில், பஸ் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தாள்.

கருணாகரன் அதே நாற்காலியில் இருந்தான். நடந்ததைச் சொன்னாள். சீனி செக் பாஸானது என்றதும் அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு ஏதோ யோசித்தவனாகக் கேட்டான்.

"கேட்ட உடனே கட்டணும்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும். சொன்னேனே."

"ஒரு தடவை சொன்ன."

"ஒரு தடவை சொன்னா போதாதா?"

"என்னைக்குக் கமலா நீ ஒரு தடவையோட விட்டிருக்க?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "குழம்புல உப்பு கம்மின்னு நான் வாய் தவறிச் சொன்னா மூணு நாளைக்குச் சொல்லிக் காட்டுவ. வீட்டையே அடமானம் வெச்ச காசை ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்ட. நான் விழணும்னு இருந்திருக்க."

அவள் உள்ளே போய் முகம் கழுவினாள். முட்டாள் என்று பத்து வருஷமாக அவள் முடிவு கட்டி வைத்திருந்தவன், அவளைப் பற்றிய சங்கதி ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டான். அதை ஜீரணிப்பதற்கு வீடு போவதை ஜீரணிப்பதைவிட அதிக நாள் பிடித்தது.

மெர்டேக்கா ஆர்டரை முடித்துக் கொடுத்தார்கள். கலியாணசுந்தரம் வங்கிக் கடிதத்தைப் படித்துவிட்டு, சீனியைத் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் கோப்பிக் கடைகளுக்குத் திரும்பிப் போய், தான் சொன்னது தப்பு என்று சொல்லவும் இல்லை. புது யந்திரம் இரவு பகல் ஓடியது. அன்னம்மாவின் கை விரல்கள் சோடாக்காரத் தண்ணீரில் வெந்து போயின. ஆகஸ்ட் முப்பத்தோராம் தேதி காலையில் பிள்ளைகள் சிறிய கொடிகளோடு வரிசையாக நின்று ஆரஞ்சு குடித்தார்கள். பிச்சை மட்டும் லாரியிலிருந்து இறங்கிக் கூட்டத்தோடு நின்று 'மெர்டேக்கா' என்று கத்திவிட்டு வந்தான். வந்த பணம் நேராக வங்கிக்குப் போனது.

செப்டம்பரில் யந்திரம், வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாமல், மூவார்க்காரர் ஒருவருக்குப் போனது. ஆஸ்டின் கார் போனது. அப்படியும் எட்டவில்லை. வங்கி ஏலம் விட்டால் அடிமாட்டு விலைக்குப் போகும் என்று தெரிந்ததால், கமலவேணியே ஆள் தேடி, புக்கிட் பாருவிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு வீட்டை விற்றாள். கடனை அடைத்த பிறகு கையில் கொஞ்சம் நின்றது. உஜோங் பாசிரில் கடல் பக்கம் பலகை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். பழைய கால்மிதி யந்திரத்தை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். அவள் அதே லாயர் ஆபீசில் மறுபடியும் டைப் அடிக்கப் போனாள். உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற சாக்கில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவரையும் அவள் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாள். அந்தக் குணம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஜெயபாலன் ஒருநாள் பஸ் நிலையத்தில் எதிரே வந்து, "அக்கா, அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டான். அவள் அவனைத் தாண்டி இருந்த விளம்பரப் பலகையைப் படித்துக்கொண்டே நடந்தாள்.

ஒரு காரியம் மட்டும் மாறியது. சனிக்கிழமை சாயந்தரம் கணக்குப் பார்க்கிறபோது கருணாகரனையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். முதலில் அவன் முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். எது வந்தது, எது போனது, எது நம்முடையது இல்லை என்று அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவள் திரும்பச் சொல்லுவாள். அவன் சலித்துக்கொண்டால் மறுபடியும் சொல்லுவாள். இனிமை ஒன்றும் இருக்காது அந்தக் குரலில். ஆனால் ஒரு தடவையோடு நிறுத்த மாட்டாள்.

அறுபத்தொன்றில் வேறு ஒரு வங்கி, உள்ளூர்க்காரர்கள் ஆரம்பித்தது, அவனுக்கு இரண்டாயிரம் வெள்ளிக்கு ஓவர்டிராஃப்ட் கொடுக்க முன்வந்தது. அடமானம் வைக்க வீடு இல்லாததால் தொகையும் சின்னது. கருணாகரன் காகிதங்களை அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவளிடம் கொடுக்கவில்லை. தானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறி, விரல் வைத்துப் படித்தான். கேட்டவுடன் என்ற இடம் வந்ததும் நிறுத்தினான்.

"இதுலயும் இருக்கு," என்றான்.

"எல்லாத்துலயும் இருக்கும்."

"சீனிக்கு மட்டும் எடுக்கிறேன். தீபாவளிக்கு முன்னால எடுத்தா, தீபாவளி முடிஞ்சதும் கட்டிடலாம். நடுவுல கட்டுன்னு அவன் கேட்டாலும், வீட்டுல இருக்கிறதை வெச்சு அடைச்சிடலாம். அந்த அளவுக்கு மேல எடுக்கக் கூடாது. சரியா?"

சரிதான். பிசகு எதுவும் இல்லை. கமலவேணி அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பாராட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை; இத்தனை வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கிற உத்தேசமும் இல்லை. அவன் கண்ணாடியைக் கழற்றாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தத் தேதியில கட்டுவீங்க, அதையும் சொல்லுங்க," என்றாள்.

அவன் காலண்டரை எடுக்க எழுந்தான்.